நரசிங்கம்பேட்டை நாயனம்: மானியம் லேத்துக்கா, மரத்துக்கா?

காவிரிக்கரை:
நரசிங்கம்பேட்டையில செய்யுற நாயனம், அதாவது 2022-ல புவிசார் குறியீடு கிடைச்ச நாதஸ்வரம் இது. குறியீட்டை வெச்சுக்கிட்டு மட்டும் பட்டறை பெருகாது. அரசு மானியம் இயந்திரத்துக்குத்தான் போகணும்ங்கிறது என் கட்சி. பிஎம்இஜிபி-யில, அதான் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்துல, கிராமத்துல பொதுப்பிரிவுக்கு 25%, சிறப்புப் பிரிவுக்கு 35% மானியம். மாதிரியைப் பார்த்து அப்படியே கடையுற ஒரு காப்பி லேத்து (கடைசல் இயந்திரம்) போட்டா எல்லா நாயன உடலையும் ஒரே அளவுல கடையலாம். கையாலேயே கடையணும்னா இளசுங்க இந்தத் தொழில் பக்கமே வர மாட்டாங்க.

கடைசல்:
பிஎம்இஜிபி புதுசா ஆரம்பிக்கிற தொழிலுக்கு. ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற பட்டறைக்கு இந்த 25%, 35% மானியம் கிடைக்காது.

அதை விடுங்க, நாயனத்துல வெளிக்கடைசல் சின்ன வேலை. சுருதி உள்துளையில இருக்கு. மேல குறுகி, கீழ புனல் மாதிரி விரியுற அணசுப் பக்கம் சீரா விரியணும். காயாத மரத்துல அந்தத் துளையைப் போட்டா என்ன ஆகும்? மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்காது. வட்டத்துளை முட்டை வடிவத்துக்குப் போயிடும். விரல்துளை ஓரத்துல இழையோட ஒரு மயிரிழைக் கீறல் விழும், காத்து கசியும். 7 விரல்துளைக்குக் கீழ இருக்கிற 5 துளையில மெழுகு வெச்சுச் சரிபண்ணலாம்னா, அடுத்த வெயில்ல மறுபடி விலகும். அதுக்காகத்தான் இடிக்கிற பழைய வீட்டுத் தூண், உத்தரத்துல இருந்து ஆச்சா மரம் தேடுறாங்க. 1955-ல நாதஸ்வர மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்கு நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செஞ்சு கொடுத்த நாயனத்துல சுத்த மத்தியமம்ங்கிற ‘ம’ ஸ்வரம் சுத்தமா பேசுனது துளைக் கணக்கால. அந்தக் கணக்கு நிக்கணும்னா மரம் அசையக் கூடாது.

மானியம் முதல்ல மரத்துக்குப் போகட்டும்.

குடந்தை_கணக்கு:
வரி விஷயத்தையும் பாருங்கள். கையால் செய்த உள்நாட்டு இசைக்கருவிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ‘கையால் செய்த’ என்பதுதான் அங்கே முக்கியம். தானியங்கி லேத்துக்கு மாறினால் அந்த விலக்குக்கே கேள்வி வரும். விற்பனைக்கு வரி இல்லாததால், மரத்துக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக் கழித்துக்கொள்ளவும் முடியாது. அது அடக்க விலையில் ஏறிவிடும்.

தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடன், 25% மானியம், உச்சவரம்பு 50,000. அதாவது 2 லட்சத்தோடு மானியம் நின்றுபோகிறது. முழு 3 லட்சம் வாங்கினால் கைக்கு வருவது 16.7% தான். அந்தப் பணத்தை மரத்தில் போட்டால், தவணை தொடங்கும்போது மரம் இன்னும் கட்டையாகவே கிடக்கும்.

காவிரிக்கரை:
வித்வான்கள், கோயில்கள், இசைப்பள்ளிப் பிள்ளைங்க, இவ்வளவுதான் சந்தை. மரத்தை அடுக்கி வெச்சா வாங்க ஆள் எங்கே? பொதுமக்கள் பணம் வருஷக்கணக்கா முடங்கிக் கிடக்கிறது நியாயமா?

கடைசல்:
சந்தை சின்னதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப உற்பத்தியை வேகப்படுத்துற லேத்து எதுக்கு? அரசு இசைப்பள்ளிகளே வாங்கட்டும். ஆனா டெண்டர்ல ‘நாதஸ்வரம், 10 எண்ணிக்கை’ன்னு மட்டும் போட்டா, குறைஞ்ச விலைக்குப் பச்சை மரத்து நாயனம்தான் வரும். நிபந்தனை இப்படி இருக்கணும்: ஆச்சா உடல், பாரி (நீளமான, சுருதி தாழ்ந்த நாயனம்), இரண்டரைக் கட்டை சுருதி, வாங்கும்போது ஒரு வித்வான் வாசிச்சுப் பார்க்கணும், 10% தொகையை நிறுத்தி வெச்சு, ஒரு கோடை தாண்டினதும் மறுபடி வாசிச்சுப் பார்த்து விடுவிக்கணும்.

இயந்திரமே வேணாம்னு சொல்லல. 1 ஹெச்பி மோட்டாரும் மரத்தூள் இழுக்கிற கருவியும் அவசியம். நெஞ்சுக்குள்ள போற தூள் சாதாரண விஷயம் இல்லை.

குடந்தை_கணக்கு:
மரத்துக்கு மானியம் என்றால் ரசீது கேட்பார்கள். இடிப்பு மரம் பெரும்பாலும் ரொக்கத்துக்கு, பில் இல்லாமல் கைமாறுகிறது. பில் இல்லாத மரத்தை வங்கி இருப்புக் கணக்கிலும் ஏற்காது.

காவிரிக்கரை:
பில் சிக்கல் எனக்குத் தோணவே இல்லை, ஒத்துக்கிறேன். பழைய அரசுக் கட்டடங்களை இடிக்கும்போது மரம் ஏலத்துக்குத்தானே வருது? ஆச்சாவை மட்டும் தனியாப் பிரிச்சு, பதிவு பண்ணின நாயனப் பட்டறைகளுக்கு முதல் உரிமை கொடுத்தா ரசீதும் கையோட கிடைக்கும். லேத்து விஷயத்துல என் கருத்து மாறல. அணசு கடையவாவது அது வேணும்.