மனநல ஆப்: மனநிலை இறங்கும்போது எந்த நேரத்தில் மெசேஜ் அனுப்புவது?

கேள்வி:
கல்லூரி மாணவர்களுக்கான ஆப். தினமும் இரவு 8 மணிக்கு மனநிலையை 1 முதல் 10-க்குள் பதியச் சொல்கிறோம். 4-க்குக் கீழே போனால் மூச்சுப்பயிற்சிக் குறிப்பு உடனே போகும். இரண்டே வாரத்தில் பலர் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுகிறார்கள். இந்த 4 என்ற கட்டாஃபை (எல்லை எண்ணை) மாற்றினால் சரியாகுமா?

பதில் 1:
எல்லோருக்கும் ஒரே கட்டாஃப் வைத்ததில்தான் சிக்கல். வழக்கமாகவே 3 போடுகிறவருக்குத் தினமும் மெசேஜ் போகும், சலித்துப்போவார். எப்போதும் 8 போடுகிறவர் ஒருநாள் 5 போட்டால் அது பெரிய சரிவு. உங்கள் விதி அதைக் கவனிக்கவே கவனிக்காது.

அவரவரின் கடைசி 14 நாள் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் (எண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு) எடுங்கள். இன்றைய எண் சராசரியைவிட ஒரு திட்ட விலக்கத்துக்கு மேல் இறங்கினால் மட்டும் அனுப்புங்கள். 7 பதிவாவது சேரும்வரை பொறுங்கள். தினமும் 5-ஐயே அழுத்துகிறவருக்கு விலக்கம் பூஜ்யமாகிவிடும், அதனால் குறைந்தபட்சம் 1 என்று வையுங்கள்.

இரண்டு வாரமாக 3-லேயே கிடப்பவர் இந்த விதியில் சிக்க மாட்டார். அவரைக் கவுன்சலரிடம் சேர்க்கத் தனி வழி கட்டாயம் வேண்டும்.

பதில் 2:
ஒரு எச்சரிக்கை. மனநிலை அடிமட்டத்தில் இருக்கும்போது அனுப்பினால், மறுநாள் எண் பெரும்பாலும் ஏறத்தான் செய்யும். மெசேஜே போகாவிட்டாலும் ஏறும். விதி பொருந்தும் ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டுவதுபோல் பாதி முறை மட்டும் அனுப்பி, மறுநாள் எண்களை ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

அமெரிக்காவில் 2018-ல் 1,565 பயிற்சி மருத்துவர்களுக்கு வாரந்தோறும் இப்படிக் குலுக்கி அனுப்பிப் பார்த்தார்கள். முந்தைய வாரம் மனநிலை தாழ்ந்திருந்தவர்களுக்கு மெசேஜ் உதவியது; நன்றாக இருந்தவர்களுக்கு இறக்கியே விட்டது. ஆகவே நன்றாக இருப்பவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

பதில் 3:
டெலிவரியையும் பாருங்கள். ஃபயர்பேஸில் (போன்களுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பும் கூகுள் சேவை) மெசேஜுக்கு ஆயுள் (டிடிஎல்) குறிக்காவிட்டால் 4 வாரம் வரை காத்திருக்கும். திங்கள் இரவுச் சோர்வுக்கு அனுப்பியது, போனை மறுபடி ஆன் செய்த புதன் காலையில் வந்து விழும். டிடிஎல் 3600 வினாடி போதும். சாதாரண முன்னுரிமையில் அனுப்பினால், சும்மா கிடக்கும் ஆண்ட்ராய்டு போனில் தாமதமாகும். உயர் முன்னுரிமை கொடுங்கள்.

மிக மோசமான நாளில்தான் பலர் பதியவே மாட்டார்கள். வழக்கமாகப் பதிகிறவர் 3 நாள் பதியாவிட்டால் அதையும் சரிவாகவே எடுங்கள்.

தற்கொலை எண்ணம் தெரிந்தால் குலுக்கலுக்கு இடமே இல்லை. அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-க்கான பட்டன் முதல் திரையிலேயே எப்போதும் இருக்கட்டும்.