நகர மையத் தெருவை மீண்டும் வாகனங்களுக்குத் திறக்கும் வாக்கெடுப்பு: எதைப் பார்த்து முடிவெடுப்பது?

கேள்வி:

கலிஃபோர்னியாவில் நான் வசிக்கும் நகரத்தில், கோவிட் காலத்தில் வாகனங்களுக்கு மூடப்பட்ட நகர மையத்தின் முதன்மைத் தெருவை மீண்டும் திறப்பது பற்றி வரும் தேர்தலில் வாக்கெடுப்பு நடத்தலாமா என்று நகர மன்றம் விவாதித்து வருகிறது. தெருவில் மேசை போட்டுள்ள உணவகங்கள் திறக்கக் கூடாது என்கின்றன. வாசலில் வண்டி நிற்க இடமில்லாமல் வாடிக்கையாளர்களை இழந்ததாகச் சொல்லும் மற்ற கடைக்காரர்கள் உடனே திறக்கச் சொல்கிறார்கள். இரு தரப்பையும் கேட்ட உறுப்பினர்கள் சிலர், "மக்களே முடிவு செய்யட்டும்" என்கிறார்கள். குடியுரிமை பெற்ற பிறகு ஓர் உள்ளூர் முன்மொழிவுக்கு நான் வாக்களிக்கப் போவது இதுவே முதல் முறை. மூடியது மன்றம்தானே, திறக்க மட்டும் வாக்கெடுப்பு எதற்கு? இப்படித் திறந்த பிற நகரங்களில் வியாபாரம் மீண்டதா?

மறுமொழி 1:

மன்றம் மூடிய தெருவைத் திறக்கப் பொதுவாக மன்றத்தின் முடிவே போதும். வாக்கெடுப்புக்கு விடுவது பெரும்பாலும் அரசியல் காரணத்துக்காகத்தான். அதில் தவறில்லை, ஆனால் விளைவு வேறுபடும். இத்தகைய முடிவை மன்றம் "ஆர்டினன்ஸ்" என்ற பெயரில் சட்டமாக்கலாம். அந்தச் சொல்லை நம் நாளிதழ்கள் அவசரச் சட்டம் என்று எழுதும்; இங்கே அது நகர மன்றம் இயற்றும் சாதாரணச் சட்டம், அடுத்த மன்றம் நினைத்தால் மாற்றிவிடலாம். அதே சட்டத்தை வாக்காளர்கள் நிறைவேற்றிவிட்டால், கலிஃபோர்னியத் தேர்தல் சட்டத்தின் 9217ஆம் பிரிவின்படி, திருத்தும் அதிகாரம் அந்தச் சட்டத்திலேயே மன்றத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தாலொழிய, மறுபடியும் வாக்காளர்களிடம் போகாமல் அதில் கைவைக்க முடியாது. மக்கள் கருத்தை அறிய மட்டும் நடத்தும், எவரையும் கட்டுப்படுத்தாத வாக்கெடுப்பும் உண்டு. உங்கள் மன்றம் பேசுவது எதைப் பற்றி என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வாக்குச்சீட்டில் வரும் கேள்வி 75 சொற்களுக்குள் இருக்க வேண்டும்; நகர வழக்கறிஞரின் நடுநிலை விளக்கத்துக்கு 500 சொற்கள் வரை இடமுண்டு. அவற்றை மட்டும் படித்து முடிவெடுக்காமல், முழு வரைவையும் படியுங்கள்.

மக்களிடம் விட்டுவிட்டால் உறுப்பினர்கள் தப்பித்துவிடலாம் என்பதும் நிச்சயமில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 2024 நவம்பரில் கடற்கரைச் சாலையின் ஒரு பகுதியைப் பூங்காவாக்கும் முன்மொழிவு நகரம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் வென்றது. அந்தச் சாலையை அன்றாடம் பயன்படுத்திய பகுதியின் வாக்காளர்களோ, அதை ஆதரித்த தங்கள் மன்ற உறுப்பினரை 2025 செப்டம்பரில் வாக்களித்துப் பதவியிலிருந்தே திரும்ப அழைத்துவிட்டார்கள்.

மறுமொழி 2:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் நடையாளர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட முதல் நகர மையத் தெரு 1959இல் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் திறக்கப்பட்டது. புறநகர்ப் பேரங்காடிகள் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. அவற்றைப் போலவே நாமும் செய்தால் கூட்டம் திரும்பும் என்று நம்பி, அடுத்த இருபதாண்டுகளில் சுமார் 200 நகரங்கள் இதைப் பின்பற்றின. பெரும்பாலானவை பிறகு வாகனங்களுக்கே திரும்பின. கலமசூவும் 1998இல் ஒரு பகுதியைத் திறந்தது. ஃபிரெஸ்னோ 1964இல் மூடிய ஃபுல்டன் தெருவை 2017இல் திறந்தது. சிகாகோவின் ஸ்டேட் தெருவை (1979 முதல் 1996 வரை) இந்தக் கணக்கில் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே கார்களைத்தான் தடுத்தார்கள், பேருந்துகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன.

உங்கள் நிலைமைக்கு நெருங்கியது சியாட்டில். அங்கே வெஸ்ட்லேக் பூங்காவை ஒட்டிய பைன் தெருவைத் திறக்க 1995இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்டார்கள். 1992இல் மூடப்பட்ட பழைய பேரங்காடிக் கட்டடத்துக்கு இடம்பெயர, அந்தத் தெரு திறக்கப்பட வேண்டும் என்று நார்ட்ஸ்ட்ரோம் என்ற பெருங்கடை நிறுவனம் கேட்டதே அதற்குக் காரணம். தெரு திறந்தது, கடையும் 1998இல் வந்தது. பிறகு அந்தப் பகுதி செழித்ததற்குத் தெரு காரணமா, கடை காரணமா என்று எப்படிப் பிரிப்பது? இரண்டும் ஒரே பேரத்தில் வந்தவை.

மூடியபடியே நிலைத்தவற்றில் போல்டர் (1977), பர்லிங்டன் (1981) இரண்டும் பல்கலைக்கழக ஊர்கள். நடந்தே வரும் கூட்டம் ஏற்கனவே அங்கே இருந்தது. உங்கள் தெருவிலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள்? ஒருவரும் இல்லையென்றால், திறந்தாலும் மூடினாலும் பெரிய மாற்றம் இருக்காது என்பது என் கருத்து.

மறுமொழி 3:

மேலே சொன்னதில் எனக்கு ஓர் உடன்பாடின்மை உண்டு. அறுபதுகளின் தெருக்கள் துணியும் பாத்திரமும் விற்பதற்காக மூடப்பட்டவை. இன்றைய தெருக்கள் உட்கார்ந்து சாப்பிடுவதற்காக மூடப்பட்டவை. அந்தத் தோல்வியை அப்படியே இதன்மேல் ஏற்றக் கூடாது. மேலும், திறப்பதும் மூடுவதும் மட்டுமே வழிகள் அல்ல. தீயணைப்பு வண்டிக்கு வழக்கமாக 20 அடி அகலம் எப்படியும் விட்டாக வேண்டும். அந்த இடத்திலேயே காலையில் சரக்கு வண்டிகளை அனுமதித்து, மாலையில் தரையிலிருந்து எழும் தடுப்புக் கம்பங்களை உயர்த்தி வழியை அடைத்துவிடலாம். முன்மொழிவின் வரைவு அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. கூட்ட நிகழ்ச்சி நிரலுடன் இணைத்திருந்த வரைவை இன்று முழுவதும் படித்தேன். இது கருத்தறியும் வாக்கெடுப்பு அல்ல, சட்டமேதான். தெரு "எந்நேரமும்" வாகனப் போக்குவரத்துக்குத் திறந்திருக்க வேண்டும் என்று இரண்டாம் பிரிவு சொல்கிறது. திருத்தும் அதிகாரத்தை மன்றத்துக்குக் கொடுக்கும் வரி எங்கும் இல்லை. அப்படியானால், ஒரு சனிக்கிழமை மாலை தெருவை மூட வேண்டுமென்றாலும் இன்னொரு தேர்தல் வேண்டியிருக்கும் போலிருக்கிறது. அடுத்த கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் பெயர் கொடுத்திருக்கிறேன். திறப்பதா வேண்டாமா என்பதைப் பற்றிப் பேசப் போவதில்லை. அந்த ஒரு சொல்லை நீக்கி, விடுபட்ட அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.