வேற்றுக்கிரகவாசிகளிடம் கைதியான விஞ்ஞானி எப்படி ஏமாற்றுவார்?

கேள்வி:
தொடர்கதை ஒன்று பாதியில் நிற்கிறது. பூமியைப் பிடித்த வேற்றுக்கிரகவாசிகள் நம் விஞ்ஞானிகளை அடைத்துவைத்து வேலை வாங்குகிறார்கள். நாயகி இயற்பியலாளர், கணக்கில் வேண்டுமென்றே பிழை வைக்கிறாள். எழுதியதைப் படித்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. நட்சத்திரம் தாண்டி வந்தவர்கள் கண்ணில் அந்தப் பிழை படாதா?

பதில் 1:
கட்டாயம் படும். மிக அருகிலுள்ள நட்சத்திரமே 4.2 ஒளியாண்டு தூரம், அதைக் கடந்தவர்களுக்கு நம் இயற்பியல் பாலபாடம். அவளை நுண்ணுயிரியலாளராக மாற்றுங்கள். நம் மண்ணின் கிருமிகளை அவர்கள் முன்பின் பார்த்ததில்லை, பிடித்தவனுக்குச் சரிபார்க்கத் தெரியாத வேலையில்தான் கைதியின் கை ஓங்கும்.

இது நிஜமாகவே நடந்திருக்கிறது. நாஜி ஜெர்மனியின் புக்கன்வால்ட் வதைமுகாமில் கைதிகளை வைத்து, முயல் நுரையீரலிலிருந்து டைபஸ் (பேன் மூலம் பரவும் கொடிய காய்ச்சல்) தடுப்பூசி செய்ய வைத்தது ஹிட்லரின் எஸ்எஸ் படை. லுட்விக் ஃப்ளெக் என்ற நுண்ணுயிரியலாளரும் அங்கே கைதியாக வந்து சேர்ந்தார். நுண்ணோக்கியில் பார்த்தால், மற்றவர்கள் டைபஸ் கிருமி என்று நம்பிக்கொண்டிருந்தது வெள்ளணுக்களின் துகள்கள்! அதுவரை அது சதி இல்லை, உண்மையான தவறு. தெரிந்த பிறகுதான் சதி ஆரம்பித்தது: பலனில்லாத மருந்து படைக்கு, வேலை செய்யும் மருந்து கொஞ்சம்போல சக கைதிகளுக்கு. மேற்பார்வை பார்த்த எஸ்எஸ் மருத்துவருக்கு அது பிடிபடவே இல்லை.

பதில் 2:
நல்ல யோசனை, ஆனால் வைரஸ் வேண்டாம். அது பெருகத் தனக்கு ஏற்ற செல் வேண்டும், அந்நிய உடலில் ஒட்டாது. பூஞ்சை என்றால் நம்புவேன், அவர்கள் பயிரையோ கப்பலின் உட்பூச்சையோ அரிக்கட்டும்.

பிடித்தவர்களை முட்டாளாகவும் காட்டாதீர்கள். 1946 அக்டோபரில் சோவியத் படை ஜெர்மன் நிபுணர்களைக் குடும்பத்தோடு ரயிலேற்றிக் கொண்டுபோனது. குரோட்ரப் என்பவரின் ராக்கெட் குழுவுக்குக் கிடைத்தது ஏரி நடுவே ஒரு தீவு. சோவியத் அதிகாரிகள் வரைபடங்களை வாங்கிக்கொண்டார்கள், தங்கள் ராக்கெட் வேலை எதுவரை வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லவே இல்லை. அப்புறம் இன்னொன்று, எல்லாக் கைதியும் ஏமாற்ற நினைப்பதில்லை. துபோலெவ் என்ற விமான வடிவமைப்பாளர் சோவியத் சிறைக்குள் இருந்தபடியே வடிவமைத்த போர்விமானம் 1941-இல் பறந்தது. வேலை பிடித்துப்போய் மனதார உழைக்கும் ஒருவர் அவளுக்குப் பக்கத்து மேசையிலேயே இருக்கட்டும், அவரிடம்தான் அவள் அதிகம் பயப்பட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பூஞ்சைதான், முடிவு செய்துவிட்டேன். வேலை செய்யும் மருந்து கொஞ்சம்தான் தேறும் என்றால், சக கைதிகளில் யாருக்குக் கொடுப்பது என்று அவள்தானே தீர்மானிக்க வேண்டும்? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. முதலில் அந்த அத்தியாயத்தைத்தான் எழுதப்போகிறேன்.