தொழுவத்து நிலைப்படி

காலை 6.40
அத்தை: அப்பாவின் வலது செருப்பு மறுபடியும் வாசலிலேயே கிடக்கிறது. கழன்றதுகூடத் தெரியாமல் தோட்டம் வரை போயிருக்கிறார். நேற்றுக் காபி டம்ளரும் கை நழுவியது.

பெரியப்பா: 82 வயதில் இதெல்லாம் இருக்கும்தான்.

நான்: போன மாதம் தாத்தா தொழுவத்து நிலையில் தலையை இடித்துக்கொண்டாரே, அத்தை?

அத்தை: அது ஆகி ஐந்து வாரம். வீக்கம்கூட இல்லையே.

அண்ணன்: இதயத்துக்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். இன்றே மதுரைக்கு அழைத்துப் போய் சி.டி. ஸ்கேன் எடுங்கள்.

பகல் 1.15
நான்: எடுத்தாயிற்று. இடப்பக்கம் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே இரத்தம் தேங்கிப் பிறைபோலத் தெரிகிறது. மூளை வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. அறுவை சிகிச்சை வேண்டும்.

பெரியப்பா: இடப்பக்கம் என்றால் வலது செருப்பு ஏன் கழன்றது?

நான்: மூளையின் இடப்பாதிதான் வலக்கை, வலக்காலை நடத்துகிறது, பெரியப்பா.

சித்தி: ஐந்து வாரம் சும்மாவா இருந்தது?

நான்: வயதானால் மூளை சற்றுச் சுருங்கும். அதற்கு மேலே பாலம்போல ஓடும் சிரைகள் இழுபட்டு நிற்கும். சின்ன இடியிலும் கசியும். உள்ளே இடம் இருப்பதால் உடனே வெளியே தெரியாது.

அத்தை: அம்மா அழுகிறார். மண்டையைத் திறக்கப் போகிறார்களாம் என்று.

நான்: திறக்கவில்லை, இரண்டு துளைதான். ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறியவை. மூளையின் மேலுறையைக் கீறி, உப்புநீர் விட்டுக் கழுவி எடுப்பார்கள். மூளையில் கத்தி படாது.

பெரியப்பா: அகத்தியர் ஓர் அரசனின் மண்டையைத் திறந்தபோது உள்ளே தேரை இருந்ததாம். சீடன் சட்டியில் தண்ணீரைக் காட்டியதும் அதில் குதித்துவிட்டதாம். அந்தச் சீடன்தான் தேரையர்.

அண்ணன்: அத்தை, இதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

அத்தை: காட்டிவிட்டேன். அழுகை நின்றுவிட்டது. "உங்கள் அப்பா போடுகிற சத்தத்துக்கு உள்ளே தேரை இருந்தாலும் இருக்கும்" என்கிறார்.

மாலை 4.20
நான்: மாத்திரையின் வீரியத்தை முறிக்க ஊசி போட்டிருக்கிறார்கள். இரத்தம் உறைகிற நிலைக்கு வந்த பிறகுதான் உள்ளே கொண்டுபோவார்களாம்.

இரவு 11.05
நான்: முடிந்தது. வெளியே வந்தது சிவப்பாகவே இல்லையாம். பழைய எஞ்சின் ஆயில்போலக் கறுப்பு என்றார் டாக்டர். மிச்சம் வடிய ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அது இருக்கும்வரை மட்டமாகப் படுக்க வேண்டும், தலையணை கிடையாது.

பெரியப்பா: தலையணை இல்லாமல் அவரா!

சித்தி: திரும்பவும் தேங்குமா?

நான்: சிலருக்குத் தேங்கும், சித்தி. குழாய் அதற்காகத்தான். மாத்திரையை மறுபடி எப்போது தொடங்குவது என்று இதய மருத்துவரிடமும் கேட்கப் போகிறார்கள். அதுவரை யாரும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

மறுநாள் காலை 7.30
நான்: வலக்கையைத் தூக்கச் சொன்னதும் தூக்கினார். அதே கையால் குழாயைப் பிடுங்கப் பார்த்தார். நர்ஸ் தட்டிவிட்டார்.

அத்தை: அம்மா சிரிக்கிறார்.

பெரியப்பா: தொழுவத்து நிலையில் பழைய சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டேன்.