பிரெடி மெர்க்குரி நோயை மறைத்தது சரியா?

இசைப்பித்தன்:
பிரிட்டனின் குயீன் ராக் இசைக் குழுவின் பாடகர் பிரெடி மெர்க்குரி, தனக்கு எய்ட்ஸ் இருப்பதாக 1991 நவம்பர் 23 அன்று அறிக்கை விட்டார். மறுநாள் மாலையே லண்டன் கென்சிங்டன் வீட்டில் இறந்துபோனார். வயது 45. நோய் இருப்பது அவருக்கு 1987-லேயே தெரியும். நான்கு வருடம் மறைத்துவிட்டு, கடைசி நாளில் சொல்லி யாருக்கு என்ன பயன்? அதே மாதம் 7-ம் தேதி கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் பத்திரிகையாளர்கள் முன் வந்து, தனக்கு எச்ஐவி இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். 1985-ல் லைவ் எய்ட் நிதி திரட்டும் கச்சேரியில் லண்டன் வெம்ப்ளி அரங்கையே கைதட்ட வைத்த ஒருவர் இரண்டு வருடம் முன்னால் வாயைத் திறந்திருந்தால் எத்தனை பேர் பரிசோதனைக்குப் போயிருப்பார்கள்! அவர் குரலை உயிராக நேசிக்கிறேன். அதனால்தான் இந்தக் கோபம்.

பானு:
அண்ணா, ஜான்சனோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை. அவருக்கு எச்ஐவி இருந்ததே தவிர உடம்பு திடமாக இருந்தது. மனைவியும் கூடவே இருந்தார். பிரெடியின் துணை ஓர் ஆண். ஜிம் ஹட்டனை வெளியாட்களிடம் தோட்டக்காரர் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். உள்ளாட்சி அமைப்புகள் ஓரினச்சேர்க்கையை ஊக்குவிக்கக் கூடாது என்று பிரிட்டனில் சட்டமே வந்தது 1988-ல். அந்த ஊரில் போய், அந்த வருடங்களில், 'எனக்கு எய்ட்ஸ்' என்று சொல்லச் சொல்கிறீர்களா? தன்னைச் சுற்றியிருப்பவர்களின் அந்தரங்கத்தைக் காக்கத்தான் இதுவரை சொல்லவில்லை என்று அந்த அறிக்கையிலேயே இருக்கிறது. 1990-ல் ஹட்டனுக்கும் எச்ஐவி உறுதியாகியிருந்தது. பிரெடி பேசியிருந்தால் அடுத்த நாளே கேமராக்கள் ஹட்டன் பக்கம் திரும்பியிருக்கும்.

டிரம்ஸ் தாஸ்:
அவரை மகானாக்க வேண்டாம் தோழர்களே. 1984-ல் நிறவெறித் தென்னாப்பிரிக்காவுக்கு இசைக் கலைஞர்கள் போகக் கூடாது என்று ஐ.நா. சொல்லியிருந்த நேரத்தில் குயீன் குழுவினர் அங்கே சன் சிட்டி என்ற உல்லாச விடுதியில் போய்க் கச்சேரி செய்தார்கள். பிரிட்டனின் இசைக் கலைஞர்கள் சங்கம் அபராதமே போட்டது. மேடை கிடைத்தால் போதும், ஊர் எப்படிப் போனால் என்ன என்ற போக்கு அவரிடம் முதலிலிருந்தே உண்டு. நோய் விஷயத்திலும் அதுதான் நடந்தது. 1990 பிப்ரவரியில் பிரிட்டனின் பிரிட் இசை விருது மேடையில் எலும்பும் தோலுமாக நின்று நன்றி, குட் நைட் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மேவும் மற்றவர்களும் அவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று நிருபர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பொய்ப் பாரத்தை நண்பர்கள் தலையில் ஏற்றியது தப்பில்லையா?

மூர்த்தி:
தாஸ் தம்பி, சன் சிட்டி போனது தப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தப் பயணத்தில் குரல் கெட்டுப்போய்ச் சில நிகழ்ச்சிகளை ரத்து செய்ய வேண்டியும் வந்தது. குரல் நாண்களில் இருந்த முடிச்சுகள் அவரை வருடக்கணக்காகப் படுத்தின. ஆனால் அந்த வழக்கை இதோடு கலக்காதே.

கடைசி வருடங்களில் அவர் என்ன செய்தார் என்று பார். 1986 ஆகஸ்டில் இங்கிலாந்தின் நெப்வொர்த்தில்தான் குயீனோடு கடைசிக் கச்சேரி. அப்புறம் சுற்றுப்பயணமே கிடையாது. ஸ்விட்சர்லாந்தின் மோன்ட்ரோ ஸ்டுடியோவிலும் லண்டனிலும் ஒலிப்பதிவுதான். 1989 ஆல்பத்திலிருந்து எல்லாப் பாடல்களையும் குழுவின் நான்கு பேர் பெயரிலும் போட்டார்கள், யார் எழுதியது என்ற பழைய சண்டை அதோடு ஓய்ந்தது. 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' பாட்டின் உச்ச ஸ்தாயியை இவரால் எட்ட முடியுமா என்று பிரையன் மே தயங்க, ஒரு வாய் வோட்காவை ஊற்றிக்கொண்டு ஒரே மூச்சில் பாடிக் கொடுத்ததாக மே பலமுறை சொல்லியிருக்கிறார். 1991 மே மாதம் எடுத்த கடைசி வீடியோவைப் பார். கறுப்பு வெள்ளை, கன்னத்தில் தடித்த ஒப்பனை, பூனைப் படங்கள் போட்ட மேல்சட்டை. ஒரு கால் புண்ணாகிப் போனதால் நின்ற இடத்தை விட்டு நகரவே மாட்டார், கைகள் மட்டும் அசையும். நோயைச் சொல்லியிருந்தால் ஒரு வரி பாடவும் விட்டிருக்க மாட்டார்கள். ஸ்டுடியோ வாசலிலேயே பத்திரிகைக்காரர்கள் படுத்திருப்பார்கள்.

இசைப்பித்தன்:
மூர்த்தி ஐயா, அந்தப் பாட்டைக் கேட்டு அழாத நாளில்லை. ஆனால் அவர் போன பிறகு நடந்ததைப் பாருங்கள். குயீனின் 'பொஹீமியன் ராப்சடி' பாட்டை மறுபடி வெளியிட்ட வருமானம் பிரிட்டனின் எய்ட்ஸ் அறக்கட்டளைக்குப் போனது. 1992 ஏப்ரல் 20 அன்று வெம்ப்ளியில் அஞ்சலிக் கச்சேரி, அதிலிருந்து அவர் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை. இறந்தவரின் பெயருக்கே இவ்வளவு பலம் என்றால் உயிரோடு ஒருமுறை பேசியிருந்தால்?

தேன்மொழி:
நான் எச்ஐவிக்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகர். மாத்திரை டப்பாவைக் கையில் வாங்கியதும் பலர் முதலில் செய்வது, லேபிளை நகத்தால் சுரண்டி எடுப்பது. பிறகுதான் பைக்குள் வைப்பார்கள். இது இந்தக் காலத்தில், ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் முழு ஆயுளும் வாழலாம் என்ற நிலையில். பிரெடி காலத்தில் பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்து வரவில்லை, அது 1996-ல்தான் வந்தது. அன்று நோயைச் சொல்வதும் சாவைச் சொல்வதும் ஒன்றுதான். 1987-ல் இளவரசி டயானா லண்டன் மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளி ஒருவரோடு கையுறை போடாமல் கைகுலுக்கினார். உலகமே பேசிய படம் அது. அதில் அந்த நோயாளியின் முகம் தெரியாது. முதுகுப் பக்கமாக எடுக்கத்தான் அவர் சம்மதித்தார். அவரை யாரும் கோழை என்று சொல்லவில்லையே, பிரெடியை மட்டும் ஏன் சொல்கிறோம்?

டிரம்ஸ் தாஸ்:
அந்த நோயாளி சாதாரண மனிதர் அக்கா. இவரிடம் பணம், வக்கீல், மதில் சுவர் எல்லாம் இருந்தது. வசதி உள்ளவர் முதலில் பேசினால்தான் இல்லாதவருக்குத் தைரியம் வரும்.

பானு:
மதில் சுவர் இருந்தும் அதன்மேல் ஏறி நின்று படம் பிடித்தவர்களை என்ன செய்ய முடிந்தது?

தேன்மொழி:
தாஸ், வெளியே சொல்பவர்களை நானும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் எப்போது, யாரிடம் என்பது நோயாளியின் முடிவு. நம் நாட்டில் 2017-ல் வந்த எச்ஐவி சட்டமும் நிலையை வெளியிடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றுதான் சொல்கிறது.

இசைப்பித்தன்:
சட்டம் கட்டாயப்படுத்தக் கூடாது, சரி. நான் கேட்பது கட்டாயம் இல்லை அக்கா. கோடிக்கணக்கான பேர் காதில் ஒலித்த ஒருவரிடம் ரசிகனுக்கு இருக்கும் ஆசை. அதை விட்டுக்கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.