அப்பாவின் லேப்டாப்பிலிருந்து ஒப்பாரிப் பாட்டுகளை மீட்டது

போன பொங்கலுக்குக் கோவில்பட்டிக்குப் போயிருந்தபோதுதான் அப்பா சொன்னார்: "லேப்டாப் பாதியில பாதியில நின்னுபோகுதும்மா. திரும்பப் போட்டா வருது." ஆறு மாதமாகவே இப்படித்தானாம். பக்கத்துக் கடையில் காட்டியிருக்கிறார். விண்டோஸ் போய்விட்டது, ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும் என்றார்களாம். நல்லவேளை, அப்பா யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கி வந்துவிட்டார்.

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 15 வருடமாகச் சுற்றுவட்டார ஊர்களுக்குப் போய், பாட்டிமார் பாடும் ஒப்பாரியையும் தாலாட்டையும் பதிவு செய்து, ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு டைப் அடித்து வைத்திருக்கிறார். பாடியவர்களில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. எல்லாம் அந்த ஒரே லேப்டாப்பில். வேறு எங்கும் நகல் கிடையாது என்று தெரிந்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

நிற்கும்போது விண்டோஸ் பிழையைக் காட்டும் நீலத்திரை சில நொடிகளில் மறைந்துவிடும் என்பதால் போனைத் தயாராக வைத்துப் படம் எடுத்தேன். 'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்' என்று இருந்தது. விண்டோஸ் தனக்கு வேண்டிய ஒரு பகுதியை டிஸ்கிடம் கேட்டிருக்கிறது, டிஸ்கால் படித்துத் தர முடியவில்லை என்று பொருள். சூடு காரணமென்றால் பெரும்பாலும் நீலத்திரையே வராது, பட்டென்று அணைந்துவிடும். ரேம் கெட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை வரும். இங்கே மூன்று முறையும் ஒரே பிழை. அதற்கு முன் மவுஸ் அரை நிமிடம் உறைந்து நிற்கிறது. அதனால் சந்தேகம் ஹார்ட் டிஸ்கின் மேல் போனது. 1 டிபி, சுற்றும் வகை, ஏழு வருடப் பழசு.

டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்தால் மஞ்சள் நிற எச்சரிக்கை. 'கரன்ட் பென்டிங் செக்டார்' எண்ணிக்கை பூஜ்ஜியமாக இருக்க வேண்டும், இதில் நூற்றுக்கணக்கில் இருந்தது. படிக்க முயன்று தோற்ற இடங்களை டிஸ்க் அப்படித்தான் குறித்து வைக்கும். அடுத்த முறை ஆன் செய்தபோது டிஸ்கைச் சோதிக்கட்டுமா என்று விண்டோஸே கேட்டது. பட்டனை அழுத்தி அதைத் தவிர்த்தேன். அந்தச் சோதனை ஃபைல் அமைப்பை ஒழுங்குபடுத்தப் பார்க்குமே தவிர, நம் ஃபைலைக் காப்பாற்றுவது அதன் வேலையில்லை. சாகக் கிடக்கும் டிஸ்கை மணிக்கணக்கில் ஓட்டி, அதன் மேலேயே எழுதவும் செய்யும். உடனே லேப்டாப்பை அணைத்துவிட்டு, நாளை வரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் 2 டிபி வெளி டிஸ்க் ஒன்று வாங்கினோம். என் லேப்டாப்பை வைத்து ஒரு பென்டிரைவில் விண்டோஸுக்குப் பதிலான உபுண்டுவைப் போட்டு, அப்பாவின் லேப்டாப்பை அதிலிருந்து கிளப்பினேன். 'நிறுவாமல் முயன்று பார்' என்ற வழியில் போனால் உள்ளே இருக்கும் டிஸ்கைத் தொடாமலே வேலை செய்யலாம். போன் ஹாட்ஸ்பாட்டில் நெட் கொடுத்து, கெட்ட டிஸ்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ போட்டேன். சாதாரணமாகக் காப்பி செய்தால் கெட்ட இடம் வந்ததும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். இது அப்படியில்லை. கெட்ட இடத்தைத் தாண்டிப் போய், படிக்க முடிகிறதையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். விட்டுப்போனவற்றுக்கு அப்புறம் திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்பதை ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். அந்த ஃபைலை வெளி டிஸ்கிலேயே வைக்கச் சொன்னேன், ஏனென்றால் பென்டிரைவ் உபுண்டு அணைந்தால் அதில் வைத்ததெல்லாம் போய்விடும்.

முதல் சுற்று ஆறரை மணி நேரம். ராத்திரி இரண்டாம் சுற்றின்போது கரண்ட் போய், பேட்டரியும் செத்த லேப்டாப் அணைந்துவிட்டது. முழித்தே இருந்த அப்பா என்னை எழுப்பி, "எல்லாம் போச்சாம்மா?" என்றார். போகவில்லை. உபுண்டுவை மறுபடி கிளப்பி, டிடிரெஸ்க்யூவை மறுபடி போட்டு, அதே கட்டளையைக் கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. விடியும்போது கிட்டத்தட்ட 40 எம்பி தவிர மற்றதெல்லாம் கைக்கு வந்திருந்தது.

இனி எந்த முயற்சியும் அந்த நகலில்தான், பழைய டிஸ்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று. டைப் அடித்த ஃபைல் ஒன்றைத் திறந்தேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தது. ஃபைல் சிதைந்துவிட்டது என்றே நினைத்து அழுதுவிட்டேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இது பாமினிம்மா" என்றார். அவர் பழைய பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். அதில் மெய்யெழுத்தின் புள்ளி உட்காருவது அரைப்புள்ளியின் இடத்தில்தான். எழுத்துருவை நிறுவியதும் பாட்டெல்லாம் அப்படியே வந்து நின்றது. பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல்கள் வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிதைந்துவிட்டதென்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

ஒலிப்பதிவு ஃபோல்டர் ஒன்று மட்டும் திறக்கவில்லை. நகலின் மேல் தொலைந்த ஃபைல்களைத் தேடி மீட்கும் ஃபோட்டோரெக்கை ஓட்டியதில் ஒலிகள் கிடைத்தன, பெயர்கள் கிடைக்கவில்லை. வெறும் எண்களாக இருநூறு ஃபைல்கள். அப்பா இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். "இது கழுகுமலைப் பாட்டி. இருமிட்டுத்தான் தொடங்குவாங்க" என்று அவர் சொல்லச் சொல்ல நான் பெயர் மாற்றினேன். புது எஸ்எஸ்டி போட்ட பிறகு லேப்டாப் ஒருமுறைகூட நிற்கவில்லை.

* * *

உங்கள் அப்பாவின் லேப்டாப் கதையைப் படித்ததும் என் அனுபவத்தைச் சொல்லத் தோன்றியது. என்னுடையதில் டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது, மதர்போர்டு போய்விட்டது. எஸ்எஸ்டியைக் கழற்றி யுஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் சொருகினால், டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. நான் எதையும் பூட்டியதாக நினைவே இல்லை. லேப்டாப் வாங்கிய புதிதில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபோது அதுவாகவே பூட்டிக்கொண்டிருக்கிறது. எந்த மெயிலில் நுழைந்தேன் என்பதை ஞாபகப்படுத்தவே இரண்டு நாள் ஆனது. அந்தக் கணக்கில் எண் பத்திரமாக இருந்தது. லேப்டாப் ஓடும்போதே அந்த எண்ணை எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

* * *

எங்களுக்குத் தூத்துக்குடி. என் லேப்டாப்பில் வந்தது அந்த 'ஒவ்வொரு முறையும் வேறு பிழை' வகைதான். இரண்டு ரேம் இருந்ததால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒன்றோடு மட்டும், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்டை ராத்திரி முழுக்க ஓட்டினேன், அப்புறம் மாற்றிப் போட்டும் ஓட்டினேன். ஒன்றில் பிழையே இல்லை, இன்னொன்றில் திரை முழுக்கச் சிவப்பு. பொன்னிற முனைகளை அழிப்பான் வைத்து மெதுவாகத் துடைத்துப் போட்டும் தேறவில்லை. புதிது மாற்றியதோடு முடிந்தது. ஃபைல் எதுவும் போகவில்லை.

* * *

எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. டிஸ்கிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. அப்படியும் ஒரு வாரம் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் மீட்பு ஆய்வகத்தில் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே தட்டே கீறிப்போயிருக்கிறது, ஒன்றும் எடுக்க முடியாது என்றார்கள். தங்கையின் கல்யாணப் படங்கள் அத்தனையும் அதில்தான். சத்தம் கேட்ட அன்றே அணைத்திருக்க வேண்டும். அவள் இன்றும் கேட்கிறாள்.

* * *

மேலே அப்பாவைப் பற்றி எழுதியவள்தான். உங்கள் தங்கைக்காக மனசு கஷ்டமாக இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்தவர்களின் போன்களில் கட்டாயம் ஏதாவது இருக்கும், ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். ஆல்பம் போட்ட போட்டோகிராபரிடமும் விசாரியுங்கள், சிலர் பழைய டிஸ்குகளை வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லும்போது மட்டும் 'டாக்குமென்ட்' என்று அனுப்பச் சொல்லுங்கள், படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்.