புருஷன இழந்த குடும்பம், பையன் படிப்பு நிக்கப் போகுது, என்ன பண்ணலாம்?

எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முடிச்சு தொண்டு நிறுவனத்துல சேந்து மூணு மாசம் ஆகுது, திருப்பூர் பக்கம் வீடு வீடா போறேன். நேத்து ஒரு அக்கா, புருஷன் இறந்துட்டாரு, பெரியவன பனியன் கம்பெனிக்கு அனுப்பப் போறேன்னு அழுதாங்க, எனக்குப் பேச்சே வரல.

பதில் 1: தம்பி, மிஷன் வத்சல்யான்னு குழந்தைகளுக்கான அரசுத் திட்டம் இருக்கு, அதுல ஸ்பான்சர்ஷிப் (மாச உதவித்தொகை) கேளுங்க, ஒரு பிள்ளைக்கு மாசம் 4,000 ரூபா, வருஷ வருமானம் கிராமம்னா 72,000, டவுன்னா 96,000க்குள்ள இருக்கணும். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல மனு குடுக்கணும். சர்டிபிகேட்டுக்கு அலையுறதுலதான் பாதிப்பேர் விட்டுடுறாங்க, கூடவே போங்க.

பதில் 2: 14 வயசுக்குள்ளன்னா வேலைக்கு அனுப்புறது சட்டப்படி தப்பு, ஆனா எடுத்ததுமே அத சொல்லிடாதீங்க, அடுத்த தடவ கதவு திறக்காது. டீ குடுத்தா உக்காந்து குடிங்க.

கேட்டவர்: பையனுக்கு 13தான் அண்ணா. நாளைக்கே அக்காவோட விஏஓ ஆபீஸ் போறேன்.